நான்கு ரப்பர் கால்களும் ஆறு கீல்களும்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நான் நலம், உன் தங்கை நலம், முன்பல் இரண்டு போனது தவிர உன் அப்பாவும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். ஞாயிறு தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குத் திடீரென்று காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து லைன் சரியில்லை என்பாய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்பாய். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது, கிழித்துப் போடத்தான் முடியும், அதையும் கடைசிவரை படித்துவிட்டுச் செய். நான் ஒரு சத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதே தப்பை இன்னொரு வீட்டு விஷயத்திலும் செய்துவிட்டேனோ என்ற பயம் வந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். நான் உனக்குப் பார்சலில் அனுப்பிய ஆறு கீல்களும் வந்து சேர்ந்ததாக மருமகள் சொன்னாள், அந்தக் கீல்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது, முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை எப்போதும்போல். நீரேற்று நிலையத்தில் ஒன்பது பம்புகளில் இரண்டு எந்த நேரமும் என் உயிரை வாங்கும். புதிதாக வந்த பையன்கள் கையில் திரையை வைத்துக்கொண்டு அதிர்வு எவ்வளவு என்று தேடிக்கொண்டிருக்கும்போது நான் ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, பின்பக்கப் பேரிங் போயிடுச்சுப்பா, கழட்டு என்பேன். கழற்றினால் போயிருக்கும். டாக்டரம்மா என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் உள்ளூரப் பெருமை என்பது உனக்குத் தெரியாததா. வீட்டில் சாப்பாட்டு மேசையில் பாதி இன்னும் என் ராஜ்ஜியம்தான், சால்டரிங் அயர்ன், கம்பித் துண்டுகள், பாதியில் நிற்கும் ரேடியோ, புதிதாக வாங்கிய த்ரீ-டி பிரிண்டர். மீதிப் பாதியில் அப்பா கொண்டுவந்து வைக்கும் பல் அச்சுகள். கிளினிக்கில் முடியாத பல்செட்டை வீட்டில் வைத்துத் தேய்க்கிறார். உன் தங்கை தட்டை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, இந்த வீட்ல சாப்பிடறதுக்கு ஒரு ஆளும் மேசையும் சும்மா இல்ல என்று தினமும் புலம்புவாள். அவளுக்கு இது கடைசி வருடப் பரீட்சை, படிக்க உட்காரும் சாயங்கால வேளையில் மேல்வீட்டிலிருந்து தொம் தொம் என்று ஒரு சத்தம். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

மேல்வீட்டுக்காரரை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு குடிவந்தவர்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒருநாள் லிஃப்டில் என் கண்ணாடி காதை அழுத்துகிறது என்று அவரே கண்டுபிடித்து, கழற்றி வாங்கி, விரல் நுனியால் பக்குவமாக வளைத்துக் கொடுத்தார், என்ன மெத்தென்ற கை என்று அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள், பேச்சு குறைவு. சத்தம் அதிகமானதும் உன் அம்மா மற்றவர்களைப்போல மாடியேறிக் கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும், கேட்டாளா, இல்லை, பெட்டி செய்தாள். கூரையில் ஒட்டும் ஒரு அதிர்வு உணரி, ஒரு சின்ன மைக், எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து கிராஃப் போடும் பெட்டி. அதில் ஒன்று செய்தேன். அடுத்த வீட்டுக்காரர் பேசுவதை ஒட்டுக் கேட்பது மரியாதையில்லை என்று, மனிதக் குரல் வரும் பகுதியை முழுக்க வடிகட்டிவிட்டுத்தான் பதிவு செய்தேன். என் பெட்டிக்குத் தரையில் விழும் அதிர்வு மட்டும் தெரியும். குரல் எதுவும் அதன் காதில் ஏறாது.

மூன்று வாரம் பதிந்து பார்த்தேன். மூன்று இடி, கொஞ்சம் இடைவெளி, பிறகு எதையோ தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம், மறுபடி ஒரு இடி. உடனே தெரிந்துவிட்டது எனக்கு, டாக்டரம்மா ஆயிற்றே. வாஷிங் மெஷின். ஒரு கால் உடைந்து சமநிலை இல்லாமல் சுற்றுகிறது, துணி ஒரு பக்கம் சேரும்போது இடிக்கிறது, நகர்ந்து போய்ச் சுவரில் முட்டுகிறது. அப்பாவிடம் படம் வரைந்து விளக்கினேன், அவரும் தலையாட்டினார். ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்கில் நான்கு கால்கள் பிரிண்டரில் செய்தேன், எந்த மெஷினுக்கும் பொருந்தும்படி, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஓடியது. பொட்டலம் கட்டி, எப்படி மாட்டுவது என்று படமும் போட்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்தான் வாங்கினார், ரொம்ப நன்றிங்க, பழைய மெஷின், மாட்டிடறேன் என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று பொட்டலத்தையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. சரி, கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதன் பிறகும் சத்தம் நிற்கவில்லை. உன் தங்கை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். எனக்குக் கோபம், என் கால்களை அவர் மாட்டவே இல்லை என்று. அந்தக் கோபத்தில் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் நாள், மணி, டெசிபல் எல்லாம் குறித்து, சிவப்புக் கோடு போட்ட கிராஃபைப் போட்டு, இன்ன வீட்டிலிருந்து வருகிறது, தயவுசெய்து நிறுத்தவும் என்று எழுதிவிட்டேன். நாற்பது வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கிராஃபில் அதுவரை இல்லாத உயரத்தில் ஒரு கோடு. அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, பிரச்சினை தீர்ந்தது, ஒத்துழைத்த மேல்வீட்டாருக்கு நன்றி என்று குழுவில் போட்டேன். ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அப்பா கேக் வாங்கி வந்தார், நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பத்தாவது நாள் சனிக்கிழமை மத்தியானம், மேலேயிருந்து ஒரு துண்டு எங்கள் பால்கனிக் கம்பியில் வந்து விழுந்தது. கொடுத்துவிட்டு வா என்று உன் தங்கையை அனுப்பினேன். அந்த ஆள் கடையில் இருந்தார்போல, அந்தப் பெண்தான் கதவைக் கொஞ்சமாகத் திறந்திருக்கிறாள். இவள் வழக்கம்போல, ஒரு வாய் தண்ணி குடுங்கக்கா என்று உரிமையோடு உள்ளே போயிருக்கிறாள். திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா, அவங்க வீட்ல வாஷிங் மெஷினே இல்ல என்றாள். நான், பாத்ரூம்ல இருக்கும்டி என்றேன். இல்லம்மா, பார்த்துட்டேன், வாளியில கையால துவைக்கறாங்க, உன் ரப்பர் கால் நாலும் பொட்டலம் பிரிக்காம ஜன்னல்ல இருக்கு, ஹால்ல தரை தெரியாம ரெண்டு மெத்தையைப் போட்டு வெச்சிருக்காங்க, அந்தக்காவுக்கு ஒரு காதுல பஞ்சு, நான் பேசினா மறு காதைத் திருப்பறாங்க என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, இது மெஷின் இல்லம்மா என்று அழ ஆரம்பித்தாள்.

மூன்று இடி, இடைவெளி, இழுபடும் சத்தம், மறுபடி ஒரு இடி. அது என்ன என்று நான் உனக்கு விளக்க வேண்டாம். முப்பது வருடமாக இரும்பைக் கேட்டுக் கேட்டு, தலை சுவரில் மோதுவதும் எனக்கு இரும்பாகவே கேட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து அந்த வடிகட்டியை எடுத்துவிட்டேன், இனிக் குரலும் கேட்கட்டும் என்று. அவளை எப்படி வெளியே கொண்டுவருவது, யாரிடம் சொல்வது என்று நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். துண்டைக் கொடுக்க வந்தவளை உள்ளே விட்டதற்கே அடி விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு மணிக்கு மேல்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் கிராஃபில் அதிர்வுக்கோடு அப்படியே படுத்திருக்க, குரல் கோடு மட்டும் எகிறியது. மெத்தைமேல் அடித்தான் பாவி.

கையில் அகப்பட்டது குழாய் திருகும் பைப் ரிஞ்ச், அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா காலில் செருப்பில்லாமல், பல்செட் தேய்த்த மாவு கையோடு பின்னால் வந்தார். தங்கையைப் போலீசுக்குப் போன் போடச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினேன், உள்ளே சத்தம் நின்றது, யாருங்க என்று அதே மெத்தென்ற குரல். பூட்டுக்குப் பக்கத்தில் ரிஞ்சால் மூன்று போடு போட்டேன், மரம் பிளந்தது, அப்பா தோளால் மோதினார், உள்ளே போய் விழுந்தோம். அந்தப் பெண் மெத்தையில் குப்புறக் கிடந்தாள், வாயில் ஒரு துண்டு திணித்திருந்தது. மத்தியானம் பறந்து வந்த அதே துண்டு. வலது கை விரல்கள் அவன் பூட்ஸுக்கு அடியில் இருந்தன, படம் வரைகிற விரல்கள். அவன் எங்களைப் பார்த்து, இது எங்க குடும்ப விஷயம், நீங்க போங்க என்று மரியாதையாகத்தான் சொன்னான், காலை மட்டும் எடுக்கவில்லை. அப்பா அவன் சட்டையைப் பிடித்தார். வாழ்நாளில் ஈ எறும்பை அடித்தறியாத மனுஷன், பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அவன் நாற்காலியைத் தூக்கி அவர் வாயில் அடித்தான். ரத்தமும் பல்லும் என் கண் முன்னால் விழுந்தது. மறுபடி நாற்காலி மேலே போனபோது நான் அவன் மணிக்கட்டைப் பார்த்து வீசினேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது, அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை இன்னும் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான், அழுதான். சண்டை முடிந்துவிட்டது. அப்படியும் நான் ரிஞ்சை மறுபடி ஓங்கினேன், இந்தத் தடவை மணிக்கட்டுக்கு இல்லை, தலைக்கு. எனக்கு அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உடம்பெல்லாம் சூடு, நான் சொல்வதுதான் நியாயம், கீழே கிடப்பவன் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பெண் துண்டைத் துப்பிவிட்டு, தவழ்ந்து வந்து, உடைந்த விரல்களால் என் புடவையைப் பிடித்து, போதும்க்கா என்றாள். கை அந்தரத்திலேயே நின்றது. இறக்கிக் கீழே வைத்தேன். அப்படி ஒரு கை என்னிடமும் இருக்கிறது என்று எனக்கு ஐம்பத்தாறு வயதில் தெரிந்தது, ஓங்கின பிறகும் அதை நிறுத்த முடியும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, ரிஞ்சைச் சாட்சிப் பொருள் என்று பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அவன் என்மேலும் புகார் கொடுத்திருக்கிறான், நிலையத்தில் என்னை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், ஆறாம் நம்பர் பம்ப் என்ன கதியோ. இன்ஸ்பெக்டர் அம்மா பதிவுகளைக் கேட்டார், எல்லாவற்றையும் கொடுத்தேன், தயவுசெய்து நிறுத்தவும் என்று நான் எழுதியதையும் கட்டைவிரல்களையும் சேர்த்துத்தான். அவர் படித்துவிட்டு அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார், திட்டியிருந்தால் தேவலை. அப்பாவுக்கு ஏழு தையல். தன் பல்லைத் தானே அச்செடுத்துத் தானே செய்துகொண்டிருக்கிறார், மத்தவங்களுக்கு மூணு நாள்ல குடுத்தேன், எனக்கு நானே ரெண்டு வாரமா இழுத்தடிக்கறேன் என்று பொக்கை வாயோடு சிரிக்கிறார். அந்தப் பெண் இப்போது உன் அறையில் இருக்கிறாள். இடது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டது, மூன்று விரலில் கட்டு. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது அவளே சொன்னாள், மொதல்ல நான் கத்துவேங்க்கா, கீழ ஒரு அக்கா இருக்காங்க, சத்தத்தை வெச்சே எல்லாம் கண்டுபிடிப்பாங்கன்னு லிஃப்ட்ல யாரோ சொன்னாங்க, நீங்க வருவீங்கன்னு இருந்தேன், நீங்களும் வந்தீங்க, ரப்பரோட வந்தீங்க, அன்னிக்குத்தான் இனிமே கத்தி பிரயோஜனம் இல்லன்னு விட்டுட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது உன் விஷயம். போன மாதம் முதல் ஞாயிறு மருமகள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள், புது வேலைக்கு மனுப் போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து நீ கூப்பிட்டாய். படம் அணைந்தது, சத்தம் அணையவில்லை. கனமாக ஏதோ மரத்தில் மோதியது, ஒரு மூச்சு, மறுபடி மோதியது. பிறகு நீ வந்து, ஒண்ணுமில்லம்மா, அலமாரிக் கதவு படார்னு சாத்திக்குது என்றாய். நான் என்ன கேட்டேன்? எத்தனை கதவு என்று கேட்டேன். மூணு என்றாய். மெதுவாக மூடும் கீல் ஆறு வாங்கி, எப்படி மாட்டுவது என்று படம் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவள், கீல் வந்துச்சு அத்தை, மாட்டியாச்சு, இப்ப சத்தமே இல்ல என்று உதட்டின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தாள், நான் சந்தோஷப்பட்டேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் உங்களிடம் வந்து இருபது நாள் இருந்தேனே, அப்போது அந்த அலமாரி சிக்கிக்கொண்டு, நான்தான் தரையில் படுத்து, தடத்தைத் துடைத்து, அடியில் இருந்த சின்னச் சக்கரங்களை மாற்றினேன். தள்ளிச் சாத்துகிற கதவுடா அது. அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான், அதில் கீல் மாட்ட இடமே கிடையாது.

நீ எப்படி இப்படி ஆனாய் என்று ராத்திரி பகலாக யோசித்ததில் என் பங்கும் கண்ணில் பட்டது. பத்து வயதில் கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவாய், ரேடியோ, கடிகாரம், ஒருமுறை தங்கையின் நெற்றியில் மல்டிமீட்டர். அவள் நெற்றிக்கு மருந்து போட்டுவிட்டு, மறுநாளே மல்டிமீட்டரைச் சரிபண்ணி உன் கையில் கொடுத்தேன். நீ உடைத்ததை எல்லாம் பழையபடி ஆக்கித் தந்தேன், உடைந்தது உடைந்ததுதான் என்று ஒருநாளும் உனக்குக் காட்டவில்லை. அது என் தப்பு. மருமகள்மேல் கை வைத்தது உன் தப்பு, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். நான் நினைப்பது தப்பாக இருந்தால் ஆயுசுக்கும் என்னைத் திட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் யார்மேலும் பழி வந்துவிடக் கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு பொட்டலம் கட்டி அனுப்பும் வேலை மட்டும் இனி நடக்காது.

இருபத்திரண்டாம் தேதி புறப்பட்டு வருகிறேன், விசாரணை அதிகாரியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. மருமகளுக்கு அவள் வேலை செய்யும் இடத்துக்கே தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், நம் வீட்டுச் சாவி ஒன்றும் அதில் இருக்கிறது. திரும்பி வர இரண்டு டிக்கெட், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, வருவதும் இருப்பதும் அவள் இஷ்டம், அவளைக் கேட்டுத்தான் எதுவும். அதற்குள் அவள் உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் இங்கே சொன்ன சாட்சியை அங்கேயும் வந்து சொல்வேன், பெற்ற பிள்ளை என்று பார்க்கமாட்டேன். நீ பேச வேண்டும் என்றால் பேசு, அழ வேண்டும் என்றால் அழு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் கையில் ரிஞ்ச் இருக்காது. எப்போதும் கடைசியில் எழுதும் வாழ்த்தை இந்தத் தடவை அவளுக்கு எழுதி அனுப்பிவிட்டேன், உன்னுடையதை நேரில் பார்த்த பிறகு தருகிறேன். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிடாதே. அந்த ஆறு கீல்களையும் பிரிக்காத பொட்டலத்தோடு மேசைமேல் எடுத்து வை, வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா